நெல்லைப் பேச்சும் முங்கேர் மண்ணும்

1934 ஜனவரி 24ஆம் தேதி காந்தி திருநெல்வேலிக்கு வந்தார். தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் அவர் நடத்திக்கொண்டிருந்த ஹரிஜன யாத்திரை அப்போது எங்கள் மாவட்டத்தை எட்டியிருந்தது. அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்புதான் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். நெல்லைக் கூட்டத்தில் காந்தி அதைப் பற்றிப் பேசினார். தீண்டாமை என்னும் பெரும்பாவத்துக்காகக் கடவுள் நமக்குக் கொடுத்த தண்டனை அது என்றார். மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னாலும் கவலையில்லை, நீங்களும் என்னோடு சேர்ந்து இதை நம்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

இந்தப் பேச்சு பத்திரிகைகளில் வந்தது. சாந்திநிகேதனில் இருந்த தாகூர் அதைப் படித்து மனம் வருந்தி மறுப்பு எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே முழுவதுமாக வெளியிட்டு, பக்கத்திலேயே தம் பதிலையும் அச்சிட்டார். கடவுள் இருக்கிறார் என்றால் துன்பம் ஏன், அதுவும் குற்றமற்றவர்களுக்கு ஏன் என்ற பழைய கேள்வியை, கடவுள் நம்பிக்கை உள்ள இரண்டு பெரியவர்கள் ஊரறிய விவாதித்தார்கள். நம் நாட்டில் நடந்த விவாதங்களில் இது மிக முக்கியமான ஒன்று என்பது என் எண்ணம்.

அந்த விவாதத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் தண்டிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட மக்களின் ஊரைப் பார்க்காமல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் ஒரு ஜனவரி மாதத்தில் பாட்னாவில் போய் இறங்கினேன்.

வட பீகாரின் ஜனவரி நம் ஊர் மார்கழிக் குளிரைப் போன்றது அல்ல. காலை பத்து மணி வரை மூடுபனி விலகாது. கங்கையின் குறுக்கே ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கிடக்கும் மகாத்மா காந்தி பாலத்தைக் கடந்தபோது கீழே ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை. அக்கரையில் ஹாஜிப்பூர். வாழைத்தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அதைத் தாண்டினால் கடுகு வயல்களும் லிச்சித் தோப்புகளும் வருகின்றன. சாலை ஓரமெங்கும் வைக்கோலை எரித்துக் குளிர்காயும் மனிதர்கள். மலை கிடையாது, பாறை கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். 1934இல் இந்த மண்தான் நீரைப் போல நெகிழ்ந்துபோனது.

முசாஃபர்பூர் நெரிசலான வணிக நகரம். காந்தி 1917 ஏப்ரலில் சம்பாரணுக்குப் போகும் வழியில் ஒரு நள்ளிரவில் இந்த ஊர் ரயில்நிலையத்தில் வந்து இறங்கினார். அப்போது இங்கே கல்லூரிப் பேராசிரியராக இருந்த கிருபளானி மாணவர்களோடு போய் அவரை வரவேற்றார். அவுரி விவசாயிகளுக்காகக் காந்தி போராடி வென்றது இந்த வட பீகாரில்தான். இந்த மக்களை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர்கள்மேல் அவர் வைத்திருந்த அன்பை யாரும் சந்தேகிக்க முடியாது.

தாகூருக்கும் இந்த ஊர் அந்நியம் அல்ல. அவருடைய மூத்த மகள் மாதுரிலதாவை மணந்தவர் முசாஃபர்பூரில் வழக்கறிஞராக இருந்தார். மகளைப் பார்க்கக் கவிஞர் இங்கே வந்திருக்கிறார். நிலநடுக்கம் இந்த நகரத்தின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிய செய்தி சாந்திநிகேதனை எட்டியபோது, அவர் மனத்தில் இங்குள்ள தெருக்கள் சில எழுந்திருக்கும்.

1934 ஜனவரி 15, திங்கட்கிழமை. அன்று அமாவாசை. நம் பக்கத்துக் கணக்கில் தை பிறந்து வந்த அமாவாசை, முன்னோருக்கு நீர் இறைக்கும் நாள். பிற்பகல் 2 மணி 13 நிமிடத்துக்குப் பூமி அதிரத் தொடங்கியது. அதிர்வின் மையம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட்டுக்குத் தெற்கே இருந்தது. அளவு 8. பீகாரில் மட்டும் 7,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நேபாளத்தில் 8,000 பேருக்கு மேல். காத்மாண்டுவின் தரஹரா கோபுரம் அன்று சரிந்தது. திரும்பக் கட்டப்பட்ட அந்தக் கோபுரம் 2015 நிலநடுக்கத்தில் மறுபடி விழுந்தது.

முசாஃபர்பூரிலிருந்து வடக்கே சீதாமர்ஹிக்குப் போனேன். வழியில் பாக்மதி ஆறு. சீதாமர்ஹி முதல் மதுபனி வழியாகப் பூர்ணியா வரை சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை நிலம் அன்று உள்ளே அமுங்கியது. கட்டடங்கள் சாய்ந்தன, புதைந்தன. வயல்கள் பிளந்து அடியிலிருந்த நீரும் மணலும் ஊற்றாகப் பீறிட்டன. பயிர் நின்ற நிலத்தைப் பல அடி மணல் மூடியது. கிணறுகள் தூர்ந்தன. உயிர் தப்பிய விவசாயிக்குக் குடிக்கத் தண்ணீரும் இல்லை, உழ நிலமும் இல்லை. இந்தப் பகுதியை ஆராய்ந்து 1939இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதை எழுதியவர்களில் ஒருவர் ஜான் ஆடன். ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் அண்ணன்.

என்னை அழைத்துப்போன ஓட்டுநர் ஒரு வயலோரம் வண்டியை நிறுத்தி, ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் பேச்சுக்கொடுத்தார். சற்று ஆழம் போனதும் வெள்ளை மணல் வந்திருந்தது. "சௌந்தீஸ் கா பாலு" என்றார் அங்கே நின்ற ஒரு முதியவர். முப்பத்து நான்கின் மணலாம். அதை அவர் நேரில் கண்டவர் அல்ல. பிறந்தது பிறகுதான். ஆனாலும் அந்த ஆண்டின் பெயரைச் சொல்லித்தான் அவர் நிலத்தின் அடுக்குகளை அடையாளம் காட்டுகிறார்.

சீதாமர்ஹிக்கு அருகே புனௌரா. ஜனகர் ஏர் ஓட்டியபோது சீதை மண்ணிலிருந்து கிடைத்த இடம் என்று மக்கள் நம்பும் தலம். மிதிலை நாட்டுக்குச் சீதை வீட்டுப் பெண். கோயிலில் வணங்கும் பெண்கள் மகளிடம் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி என்னை வாட்டியது. இந்த மண்ணைத் தாயாகக் கொண்டாடும் மக்களிடம், உங்கள் பாவத்துக்காகத்தான் அது பிளந்தது என்று எப்படிச் சொல்வது? இங்கே இறந்தவர்களில் தீண்டாமையைக் கடைப்பிடித்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்தத் தீண்டாமையை வாழ்நாளெல்லாம் சுமந்து நைந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஊருக்கு வெளியே மண்சுவர்க் குடிசைக்குள் உறங்கிக்கொண்டிருந்த குழந்தை எந்த வகையில் குற்றவாளி?

காந்தியின் பதிலை இங்கே நியாயமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் எதிரிகளைப் பார்த்து விரல் நீட்டவில்லை. 'நம்' பாவம் என்றார். தம்மையும் சேர்த்து, சாதி இந்துக்கள் அனைவரையும் கூண்டில் நிறுத்தினார். அவன் அசைவின்றி ஒரு புல்லும் அசையாது என்பது அவருடைய நம்பிக்கை. அப்படி இருக்கும்போது இவ்வளவு பெரிய அழிவு மட்டும் அர்த்தமில்லாமல் நடக்குமா என்று அவர் கேட்டார். இயற்கை நிகழ்ச்சிகள் மனித ஆன்மாவைத் தொடுமென்றால், மனித நடத்தையும் இயற்கையைத் தொடும் என்றார். இதை நிரூபிக்கத் தம்மால் முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். தம் நம்பிக்கை பிழையாகவே இருந்தாலும், அது தம்மையும் தம்மைப் பின்பற்றுபவர்களையும் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தூண்டும், அதனால் நன்மைதான் என்று முடித்தார்.

சீதாமர்ஹியிலிருந்து தெற்கே திரும்பி, சமஸ்திபூர், பேகுசராய் வழியாகக் கங்கையை மீண்டும் கடந்தால் முங்கேர். பாலத்தின் பெயர் ஸ்ரீகிருஷ்ண சேது. பீகாரின் முதல் முதலமைச்சர் ஸ்ரீகிருஷ்ண சின்ஹாவின் பெயர். ஆங்கிலேயரை எதிர்த்த வங்க நவாப் மீர் காசிம் தலைநகராக வைத்துக்கொண்ட ஊர் முங்கேர். கோட்டையின் அகழியும் வாயில்களும் இன்னும் இருக்கின்றன. கோட்டையை ஒட்டி கஷ்டஹரணி படித்துறை. கங்கை இங்கே வடக்கு நோக்கித் திரும்புவதால் புனிதம் அதிகம் என்று அதிகாலையிலேயே கூட்டம் வருகிறது.

1934இல் மிக மோசமாக அழிந்த நகரங்களில் ஒன்று இது. கடைத்தெரு ஏறக்குறைய முழுவதும் செங்கல் மேடாகிவிட்டது. குறுகிய சந்துகள். இருபுறமும் மாடிக் கட்டடங்கள். ஓட இடமில்லாமல் மக்கள் தெருவிலேயே புதைந்தார்கள். பிறகு தெருக்களை அகலப்படுத்தி, நேர்கோட்டில் நகரத்தைப் புதிதாகக் கட்டினார்கள். இன்றைய கடைத்தெருவில் நடக்கும்போது ஒரு பழைய பீகார் நகரத்துக்கு இவ்வளவு நேரான தெருக்களா என்று தோன்றும்.

படித்துறையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். எல்லோரும் அவரை 'மாஸ்டர் சாஹப்' என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து நிலநடுக்கத்தைப் பற்றி விசாரிக்க ஒருவன் வந்திருக்கிறான் என்றதும் என்னைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போனார். நெல்லைப் பேச்சைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது.

"காந்திஜி எங்களுக்காக இங்கே வந்தார். ஊர் ஊராகப் போனார். பிச்சை வாங்காதீர்கள், வேலை கேளுங்கள் என்றார். அதையெல்லாம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாவத்தைப் பற்றி அவர் சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை" என்றார்.

"மறந்துவிட்டார்களா, மாஸ்டர் சாஹப்?"

"மறக்கவில்லை. ஆனால் செத்தவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு யார் அதைப் பேசுவார்கள்?"

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15 அன்று ஊரார் கூடி, இறந்தவர்களை நினைத்துப் பிரார்த்தனை செய்து, ஏழைகளுக்குச் சோறு போடுகிறார்களாம். எல்லா மதத்தாரும் வருவார்களாம். பீகார் அரசும் அந்த வாரத்தை நிலநடுக்கப் பாதுகாப்பு வாரமாகக் கடைப்பிடிக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மேசைக்கடியில் பதுங்கப் பழக்குகிறார்கள்.

நிலநடுக்கத்துக்கு இரண்டு நாட்கள் கழித்து ராஜேந்திர பிரசாத் சிறையிலிருந்து விடுதலையானார். உடல்நலம் குன்றியிருந்த அவர் ஓய்வெடுக்கவில்லை. பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்து நாடெங்கும் நிதி திரட்டினார். நேரு முங்கேருக்கு வந்து மண்வெட்டியும் கூடையும் எடுத்து இடிபாடுகளைத் தோண்டினார். பிப்ரவரியில் அரசு அவரைக் கைதுசெய்தது. தம் சுயசரிதையில் காந்தியின் நெல்லைப் பேச்சை நேரு வெளிப்படையாக மறுக்கிறார். இது தண்டனை என்றால் எந்தப் பாவத்துக்கான தண்டனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். சுதந்திரப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற பகுதிதான் வட பீகார். எனவே சட்டமறுப்புக்குக் கிடைத்த தண்டனை என்று பிரிட்டிஷ் அரசும் சொல்லிக்கொள்ளலாமே என்கிறார்.

தாகூரின் மறுப்பிலும் இதே கூர்மை உண்டு. காந்தியை வெறுக்கும் வைதிகர்கள் இதே தர்க்கத்தைத் திருப்பி, கடவுளின் சினத்துக்குக் காந்தியும் அவரைப் பின்பற்றுபவர்களுமே காரணம் என்று சொல்லலாம் என்றார். ஆனால் அவருடைய முதன்மையான வாதம் அதைவிட ஆழமானது. இயற்கைப் பேரழிவுகளுக்கு இயற்கையான காரணங்கள் மட்டுமே உண்டு என்றார். நம் பாவங்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் படைப்பையே சரித்துவிடும் பலம் அவற்றுக்குக் கிடையாது என்றார். நல்லொழுக்கம் கற்பிப்பதற்காகக் கண்மூடித்தனமாகக் கொல்லும் ஒரு கடவுளைவிட மனிதனே ஒழுக்கத்தில் உயர்ந்தவனாகிவிடுவான் என்றும் எழுதினார். மக்களின் மனத்திலிருந்து அச்சத்தை விரட்டிய மனிதரின் வாயிலிருந்தே அறிவுக்குப் பொருந்தாத சொல் வருகிறதே என்று வருந்தினார்.

இதைப் பகைவர் எழுதவில்லை. 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது, தள்ளாத வயதில் ஓடிப்போய், உண்ணாவிரதம் முடியும் நேரத்தில் அருகில் இருந்து பாடியவர் தாகூர். தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கடவுளை நம்புவதிலும் இல்லை. கடவுளின் பெயரால் துன்பத்துக்கு என்ன விளக்கம் சொல்லலாம் என்பதில்தான் வேறுபட்டார்கள்.

தாகூர் இதை வெறும் அறிவுவாதமாக எழுதினார் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் முங்கேருக்கு வர வேண்டும். அவருடைய கடைசி மகன் சமீந்திரநாத், பதினொரு வயதுகூட நிரம்பாத சிறுவன், 1907 நவம்பரில் விடுமுறைக்காக இந்த ஊருக்கு வந்த இடத்தில் காலராவில் இறந்தான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே நவம்பரில்தான் அவன் தாய் மிருணாளினி இறந்திருந்தார். தாய் இறந்த அடுத்த ஆண்டே மகள் ரேணுகா போனாள். பிறகு 1918இல் மூத்த மகள் மாதுரிலதா. மகனைச் சாகக் கொடுத்த தகப்பன், அதே ஊரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆயிரம் தகப்பன்மார் சார்பாகப் பேசினார் என்றுதான் நான் அந்த மறுப்பை இன்று படிக்கிறேன்.

முங்கேரிலிருந்து ஜமால்பூர் அருகில்தான். 1862இல் தொடங்கிய ரயில்வே பட்டறை ஊரின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கிறது. அங்கிருந்து சாஹிப்கஞ்ச் லூப் பாதையில் ரயில் ஏறினேன். ஊரை விட்டதும் ஒரு சுரங்கப்பாதை. பிறகு சுல்தான்கஞ்ச் நிலையம். ஆடி, ஆவணிப் பருவத்தில் இங்கே கங்கை நீரை மொண்டு காவடியில் சுமந்துகொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடந்து தேவ்கர் வைத்தியநாதரைத் தரிசிக்கிறார்கள் பக்தர்கள். அந்தத் தேவ்கருக்கு அருகே, ஜசிதியில், 1934 ஏப்ரல் 26 அன்று வைதிகர்கள் காந்தியின் காரைத் தடிகளால் தாக்கிக் கண்ணாடியை உடைத்தார்கள். 1953இல் ஹரிஜனங்களோடு வைத்தியநாதர் கோயிலுக்குள் நுழைய முயன்ற வினோபா பாவேயையும் அடித்தார்கள். நிலநடுக்கத்தைத் தண்டனை என்று காந்தி எச்சரித்த பின்னும் அவர்கள் மனம் மாறவில்லை. அச்சம் யாரையும் திருத்தவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தீண்டாமையைப் பின்வாங்கச் செய்தவை எவை? 1924, 25இல் வைக்கத்தில் அடியும் சிறையும் வாங்கியவர்கள். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரை அழைத்துப்போன வைத்தியநாத ஐயர். அம்பேத்கர் தலைமையில் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு. இவை எல்லாமே மனிதர்கள் செய்தவை. எங்கள் தென்மாவட்டக் கோயில்களின் கதவுகள் 1934இலும் ஒடுக்கப்பட்டோருக்கு அடைத்தே இருந்தன. அங்கே பூமி நடுங்கவில்லை. நடுங்கிய இடத்தில் இறந்தவர்கள் வேறு யாரோ.

போல்பூரில் இறங்கிச் சாந்திநிகேதனுக்குப் போனேன். சத்திம் மரத்தடியில் தாகூரின் தந்தை தேவேந்திரநாத் தியானம் செய்த மேடை. பக்கத்தில் 1891இல் கட்டிய கண்ணாடிப் பிரார்த்தனைக்கூடம். அதில் சிலை கிடையாது. எந்த மதத்தாரும் உட்காரலாம். சிறிது தொலைவில் 'சியாமளி' என்னும் மண்வீடு. 1940இல் காந்தியும் கஸ்தூர்பாவும் வந்தபோது அதில்தான் தங்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 10 அன்று இங்கே 'காந்தி புண்ணியாஹம்' கொண்டாடுகிறார்கள். அன்று பணியாளர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மாணவர்களும் ஆசிரியர்களுமே கூட்டிப் பெருக்கிச் சமைக்கிறார்கள். 1915இல் காந்தி தொடங்கிவைத்த பழக்கம். கருத்தில் மோதியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுவிடவில்லை என்பது இங்கே நன்றாகத் தெரிகிறது.

அறிவியல் இப்போது தாகூருக்குக் கூடுதல் சான்று தருகிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் இமயத்தின் அடியில் நெருக்கிக்கொண்டே இருக்கிறது. நூற்றாண்டுகளாகத் தேங்கிய அழுத்தம் ஒருநாள் விடுபடுகிறது. 1934இல் நிலம் முறிந்த தடத்தை நேபாளத்தில் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். அதே இடத்தில் 1255ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் தடமும் இருந்தது. நேபாள மன்னர் அபய மல்லர் உயிரிழந்த நிலநடுக்கம் அது. மனிதரின் பாவ புண்ணியத்தைப் பார்த்து மண் அசைவதில்லை. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் வீட்டை உறுதியாகக் கட்டலாம். பாவக் கணக்கால் ஒரு சுவரைக்கூடத் தாங்கி நிறுத்த முடியாது.

நமக்கும் இந்த விவாதம் பழங்கதை அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் முறிந்து எழுந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் கடற்கரையில் மீனவக் குழந்தைகளும், வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் வழிபாட்டுக்கு வந்தவர்களும் அதில் அடக்கம். பிணங்களை அடக்கம் செய்யுமுன்பே, ஒரு மடாதிபதி கைதானதால் வந்த சாபம் இது என்று சிலர் பேசினார்கள். வேறு சிலர் வேறு பாவங்களைக் கண்டுபிடித்தார்கள். தாகூர் அஞ்சியது இதைத்தான். துன்பத்துக்குப் பாவத்தைக் காரணமாகச் சொல்லும் வாசலைத் திறந்துவிட்டால், அதன் வழியாக நல்லவர் மட்டும் வரமாட்டார்கள். ஆளாளுக்குத் தாங்கள் வெறுப்பவரின் பெயரை அந்தப் பாவத்தில் எழுதிவிடுவார்கள்.

திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. வள்ளுவர் இரண்டையும் மறைக்கவில்லை. ஏன் நடந்தது என்பதற்கு விடை தெரியாத துன்பங்கள் உண்டு. கடவுளை நம்புகிறவர் அந்தக் கேள்வியைக் கடவுளிடமே கேட்கட்டும். அழட்டும், சண்டை போடட்டும். அது அவருடைய உரிமை. ஆனால் துன்பப்படுகிறவரிடம் போய்க் கடவுளின் சார்பில் தீர்ப்பு வாசிக்க யாருக்கும் உரிமை இல்லை. காந்தியைப் போன்ற ஒருவருக்கும் இல்லை. தீண்டாமையைப் போன்ற கொடுமையை ஒழிப்பதற்காகவும் இல்லை. தீண்டாமை தவறு என்று சொல்ல ஒரு நிலநடுக்கம் தேவையில்லை. அது தன்னளவிலேயே தவறு.

இந்த விவாதத்தில் தாகூர் சொன்னதே சரி. அதே காந்தி, பிறகு முங்கேர் மண்ணுக்கு வந்து மக்களோடு நடந்தாரே, அங்கே அவர் செய்தது சரி. அடுத்த பேரழிவு எங்கே, எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வரும்போது உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர், இது இன்னாருடைய பாவத்தின் பலன் என்று பேச ஆரம்பித்தால், மரியாதையாக, ஆனால் உறுதியாக அவரை அங்கேயே நிறுத்துங்கள். அவரையும் அழைத்துக்கொண்டு உதவி செய்யப் போங்கள்.